மார்மன்கள்: மூடாத வானம்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போவார்கள். வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் பட்டையில் பெயருக்கு முன்னால் மூப்பர் என்று பொருள்படும் 'எல்டர்' பட்டம் இருக்கும். இரண்டு ஆண்டுகள் சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய்த் தங்கள் மதத்தைப் பற்றிப் பேசிவிட்டு வீடு திரும்புவார்கள். பெண்களும் போகிறார்கள், ஒன்றரை ஆண்டுக்கு.

கதவைத் திறப்பவர்கள் இவர்களிடம் கேட்கும் கேள்விகள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்களுக்கு எத்தனை மனைவி? காபி ஏன் குடிப்பதில்லை? நீங்கள் கிறிஸ்தவர்கள்தானா? கோவிலுக்குள் அப்படி என்ன ரகசியம்? செத்துப்போனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களாமே?

எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான பதில்களோடு ஒரு தேதியும் ஒட்டிக்கொண்டு வரும். இது 1833-லிருந்து, அது 1890 வரை, மற்றது 1978-க்குப் பிறகு. மற்ற மதங்களிலும் வழக்கங்கள் மாறத்தான் செய்கின்றன. ஆனால் மாறவே இல்லை என்று சொல்லிக்கொள்வதுதான் அங்கே மரபு. மாற்றத்தையே கொள்கையாக வைத்திருக்கும் மதம் இது. கடவுள் பழங்காலத்தில் பேசி முடித்துவிடவில்லை, இன்றும் பேசுகிறார் என்பதே மார்மன்களின் அடிப்படை நம்பிக்கை. அவர்களுடைய பலமும் சங்கடமும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

யார் இவர்கள்?

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி. உலகெங்கும் 1.7 கோடிக்கு மேல் உறுப்பினர்கள் என்கிறது சபையின் கணக்கு. அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே. 'மார்மன்' என்பது பிறர் வைத்த பட்டப்பெயர். நெடுங்காலம் சபையே அதைச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டிருந்தது. 2018-ல் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன், இனி முழுப்பெயரையே சொல்ல வேண்டும் என்றார். உலகப் புகழ்பெற்ற மார்மன் டாபர்னகிள் பாடகர் குழுவே அந்த ஆண்டில் பெயரிலிருந்து 'மார்மனை' எடுத்துவிட்டது. பெயருக்கும் ஒரு தேதி.

சபையை நிறுவியவர் ஜோசப் ஸ்மித். 1805-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா என்ற சிற்றூரில் அவர் வளர்ந்த காலத்தில் அந்த வட்டாரமே மத எழுச்சிக் கூட்டங்களால் அதிர்ந்துகொண்டிருந்தது. எந்தச் சபை உண்மையானது என்று தெரியாமல் 1820-ல் காட்டுக்குள் போய்ப் பிரார்த்தித்தபோது, பிதாவும் இயேசுவும் தனக்குத் தோன்றி எதிலும் சேர வேண்டாம் என்று சொன்னதாக அவர் பின்னாளில் எழுதினார். பிறகு ஒரு தேவதூதர் காட்டிய இடத்தில் பொன் தகடுகள் கிடைத்ததாகவும், அதில் இருந்ததை இறையருளால் மொழிபெயர்த்ததாகவும் கூறினார். அதுதான் 1830-ல் பால்மைராவில் 5,000 பிரதிகள் அச்சான மார்மன் நூல். கிறிஸ்துவுக்குச் சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் எருசலேமிலிருந்து கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வம்சக் கதை அது. உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் வந்தார் என்கிறது.

அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று சபை தொடங்கியது. 14 ஆண்டுகளில் ஸ்மித் செத்துப்போனார். 1844-ல் இலினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையை முற்றுகையிட்ட ஒரு கும்பல் அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. மிசூரி மாநில ஆளுநரோ அதற்கு முன்பே, 1838-ல், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 1976-ல்தான். எஞ்சியவர்களில் பெரும்பாலோரை பிரிகாம் யங் மேற்கே அழைத்துப் போனார். 1847 ஜூலையில் உப்பு ஏரிக்கரைப் பள்ளத்தாக்கில் முதல் வண்டிகள் நின்றன.

கிறிஸ்தவர்களா?

நாங்கள் கிறிஸ்தவர்களே என்கிறார்கள் அவர்கள். சபையின் பெயரிலேயே இயேசு இருக்கிறார். ஞாயிறுதோறும் அப்பமும் தண்ணீரும் பகிர்ந்துகொள்கிறார்கள், மது கிடையாது. எட்டு வயதில் முழுக்கு ஞானஸ்நானம். கட்டடங்களில் சிலுவை வைப்பதில்லை. உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயருக்குச் சம்பளம் இல்லை. வாரநாட்களில் வக்கீலாகவோ ஆசிரியராகவோ இருப்பவர்தான் ஞாயிறன்று ஆயர்.

ஆனால் மற்றக் கிறிஸ்தவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது மற்றச் சபைகளின் திரித்துவம். மார்மன்களுக்கு மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட, ஆனால் தனித்தனியானவர்கள். பிதாவுக்கே சதையும் எலும்புமான உடல் உண்டு. மனித ஆன்மாக்கள் பிறப்பதற்கு முன்பே கடவுளிடம் பிள்ளைகளாக இருந்தன. இங்கே வந்தது கற்றுக்கொள்ள. நன்றாகக் கற்றுத் தேறியவர்கள் ஒரு நாள் கடவுளைப் போலவே ஆகலாம். மறுமையில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் போல ஒளியில் ஏறி இறங்கும் மூன்று உலகங்கள். நிரந்தர நரகம் மிக மிகச் சிலருக்கே.

இதையெல்லாம் பார்த்த கத்தோலிக்கத் திருச்சபை 2001-ல் மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. அங்கிருந்து கத்தோலிக்கத்துக்கு வருபவர் மீண்டும் ஞானஸ்நானம் பெற வேண்டும். மார்மன்களும் சளைத்தவர்கள் அல்ல. மற்றச் சபைகளின் ஞானஸ்நானம் அவர்களுக்கும் செல்லாது.

நூலின் வரலாற்றுச் செய்திகளைப் பற்றிய கேள்விகள் இதைவிடக் கூர்மையானவை. அமெரிக்கப் பழங்குடிகளின் மரபணு ஆசியாவைக் காட்டுகிறது, எருசலேமை அல்ல. நூலின் முன்னுரையில், அந்தக் கதைமாந்தரே பழங்குடிகளின் முக்கிய மூதாதையர் என்றிருந்த வாசகம், 2006-ஐ ஒட்டி, மூதாதையரில் அவர்களும் அடக்கம் என்று அடங்கிப்போனது. ஸ்மித் தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, அதில் முகம் புதைத்து மொழிபெயர்த்தார் என்று எதிரிகள் சொல்லிவந்ததை 2013-ல் சபையே ஒப்புக்கொண்டு எழுதியது. 2015-ல் அந்தக் கல்லின் படத்தையும் வெளியிட்டது. எகிப்தியச் சுருளிலிருந்து ஸ்மித் மொழிபெயர்த்ததாகச் சொன்ன ஆபிரகாம் நூலுக்கும் எஞ்சியுள்ள துண்டுகளில் இருக்கும் எழுத்துகளுக்கும் பொருத்தமில்லை என்பதையும் 2014-ல் ஏற்றுக்கொண்டது. நம்பிக்கையைக் கைவிடவில்லை, விளக்கத்தை மாற்றிக்கொண்டது.

காபிக்கு என்ன பகை?

காலையில் டிகாஷன் இறங்காவிட்டால் பொழுது விடியாத வீடுகளில் கேட்டே தீர வேண்டிய கேள்வி. 1833-ல் ஸ்மித் அறிவித்த 'ஞான வார்த்தை' என்ற வெளிப்பாடு மதுவையும் புகையிலையையும் சூடான பானங்களையும் விலக்கச் சொன்னது. ஆண்கள் கூடிப் படித்த அறையில் புகையிலை எச்சிலைத் துடைத்துச் சலித்த ஸ்மித்தின் மனைவி எம்மாவின் புகாரே அதற்குத் தூண்டுதல் என்று பிரிகாம் யங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சூடான பானம் என்றால் காபியும் தேநீரும் என்பது சபை தந்த விளக்கம். ஆகவே சூடான கோகோவுக்குத் தடையில்லை. ஆறிப்போன காபிக்குத் தடை உண்டு.

முதலில் இது கட்டளையாக அல்ல, அறிவுரையாகவே வந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் கோவிலுக்குள் நுழைவதற்கான கட்டாய விதியானது. கோலா பானங்கள் கூடுமா கூடாதா என்று பல தலைமுறைகள் பட்டிமன்றம் நடத்தின. தடையில்லை என்று 2012-ல் சபை தெளிவுபடுத்தியது. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழக வளாகத்தில் 2017-ல் காஃபின் கலந்த கோலா விற்பனைக்கு வந்தது. அதே வெளிப்பாடு இறைச்சியைக் குறைத்துக்கொள்ளவும் சொல்கிறது. அந்த வரியை வைத்து யாரையும் கோவில் வாசலில் நிறுத்துவதில்லை.

கோவிலுக்குள் என்ன?

ஞாயிறு வழிபாடு நடக்கும் கூடம் வேறு, கோவில் வேறு. கூடத்துக்கு யாரும் போகலாம். கோவிலுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆயரின் நேர்காணலில் நம்பிக்கை, ஒழுக்கம், ஞான வார்த்தை எல்லாவற்றையும் கேட்பார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கொடுத்தாயிற்றா என்ற கேள்வியும் உண்டு. உள்ளே நடப்பவை மூன்று: இறைவனோடு உடன்படிக்கை செய்யும் சடங்கு, கணவன் மனைவியை மரணத்துக்கு அப்பாலும் பிணைக்கும் திருமணம், இறந்தவர்களுக்காகச் செய்யும் சடங்குகள். உடன்படிக்கை செய்தவர்கள் அதன் நினைவாக வாழ்நாள் முழுவதும் ஆடைக்குள் ஒரு வெள்ளை உள்ளாடை அணிகிறார்கள். அதைக் கேலி செய்பவர்கள், பூணூலையும் சீக்கியரின் கச்சையையும் நினைத்துப் பார்க்கலாம்.

வலி இருப்பது வாசலில். மகளோ மகனோ கோவிலில் திருமணம் செய்தால், சபையைச் சேராத தாய் தகப்பன் உள்ளே போக முடியாது. பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு மதில் சுவருக்கு வெளியே, பூச்செடிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் எல்லோர் முன்னிலையிலும் பதிவுத் திருமணம் செய்துவிட்டுப் பிறகு கோவிலுக்குப் போகலாமே என்றால், அமெரிக்காவில் அப்படிச் செய்தவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று விதி. 2019 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது காலையில் ஊரறியத் திருமணம், மாலையில் கோவில் என்று முடித்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெளியே உட்கார்ந்திருந்த பெற்றோருக்கு அந்த நாள் திரும்பி வராது.

செத்தவர்களுக்கு ஞானஸ்நானமா?

ஆம். சபையைப் பற்றிக் கேள்விப்படாமலே இறந்துபோன மூதாதையர் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்விக்கு ஸ்மித் தந்த பதில் இது. உயிரோடிருப்பவர் ஒருவர் தண்ணீரில் மூழ்குவார். பலன், பெயர் சொல்லப்பட்ட இறந்தவருக்கு. அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்கிறார்கள். பித்ருக்களுக்குப் பிள்ளை எள்ளும் நீரும் இறைக்கும் நாட்டில் இந்த உணர்வைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

மூழ்குவதற்குப் பெயர் வேண்டும்; பெயருக்கு வம்சாவளி வேண்டும். அதனால்தான் உலகின் மிகப் பெரிய குடும்ப வரலாற்றுத் தொகுப்பு மார்மன்களிடம் இருக்கிறது. 1938-லிருந்து மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து அந்தச் சுருள்களைப் பாதுகாக்கிறார்கள். ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்திரிகர் ஏடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. தாத்தாவின் தாத்தா எந்த ஆண்டு கங்கைக்கு வந்தார் என்ற செய்தி ஓர் அமெரிக்க மலைக்குள் இருக்கலாம்.

ஆனால் எல்லோரும் இந்த அன்பைக் கேட்கவில்லை. நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயர்களில் சடங்கு நடந்தது தெரிந்து யூத அமைப்புகள் கொதித்தன. யூதராக இருந்ததற்காகவே கொல்லப்பட்டவரைச் செத்த பிறகு வேறு மதத்தில் சேர்ப்பதா என்றன. 1995-ல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதையும் மீறி, சிறுமி ஆனி ஃபிராங்கின் பெயரில் சடங்கு நடந்தது 2012-ல் வெளிவர, சபை வருத்தம் தெரிவித்தது. மகாத்மா காந்தியின் பெயரில் 1996-ல் சடங்கு நடந்ததாகவும் அதே ஆண்டில் செய்தி வந்தது. மூதாதையர் யாருடையவர்களோ அவர்கள் மட்டுமே பெயரைத் தர வேண்டும் என்பது விதி. விதியை மீறுபவர்கள் எங்கும் உண்டு.

எத்தனை மனைவி?

இன்றைக்கு ஒன்றுதான். இரண்டாவது சேர்த்துக்கொண்டால் சபையிலிருந்து வெளியேற்றம். பத்திரிகைகளில் அடிபடும் பலதார மார்மன்கள் பிரிந்துபோன சிறு குழுக்களைச் சேர்ந்தவர்கள். அப்படி ஒரு குழுவின் தலைவரான வாரன் ஜெஃப்ஸ், சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதற்காக 2011-ல் டெக்சாஸில் ஆயுள் தண்டனை பெற்றார்.

ஆனால் ஒரு காலத்தில் பல மனைவி என்பதே சபையின் வேதமாக இருந்தது. ஸ்மித்துக்கு மட்டும் முப்பதிலிருந்து நாற்பது மனைவிகள் வரை இருந்திருக்கலாம் என்று 2014-ல் சபையே எழுதியது. 1852-ல் பகிரங்கமாக அறிவித்தார்கள். அமெரிக்க அரசு விடவில்லை. பிரிகாம் யங்கின் செயலாளராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் மீது வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை இழுத்தது. மத நம்பிக்கையில் அரசு தலையிடாது, மதச் செயலில் தலையிடலாம் என்று 1879-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அது காட்டிய உதாரணங்களில் ஒன்று, கணவனின் சிதையில் ஏறுவது தன் கடமை என்று நம்பும் மனைவி. யூட்டாவின் கல்யாண வழக்கில் சதி சாட்சிக் கூண்டில் ஏறியது.

அந்தக் கடன் திரும்பி வந்தது. பலதாரத்தைப் போதிக்கும் அமைப்பில் இருப்பவருக்கு வாக்குரிமை இல்லை என்ற ஐடஹோ சட்டத்தை எதிர்த்த டேவிஸ் என்பவரின் வழக்கில், மதம் என்பது படைத்தவனோடு ஒருவர் கொண்டுள்ள உறவைப் பற்றிய கருத்து என்று 1890-ல் அமெரிக்க நீதிமன்றம் வரையறுத்தது. 1954-ல் உடுப்பி ஷிரூர் மடத்துக்கும் சென்னை மாகாண இந்து அறநிலைய ஆணையருக்கும் நடந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் அந்த வரையறை வந்தது. நீதிபதி பி.கே. முகர்ஜியா அதை ஏற்கவில்லை. அது துல்லியமும் அல்ல, போதுமானதும் அல்ல என்றார். கடவுளைப் பற்றிப் பேசாத பௌத்தமும் சமணமும் மதங்கள் இல்லையா? சடங்கும் உணவும் உடையும்கூட மதத்தின் பகுதியாக இருக்கலாம் என்றது தீர்ப்பு. இந்தியாவில் கோவில், மடம் பற்றிய வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் அந்தத் தீர்ப்புக்குள் ஒரு மார்மனின் தோல்வி ஒளிந்திருக்கிறது.

அங்கே நெருக்கடி முற்றியது. 1887-ல் வந்த சட்டம் சபையின் சட்டபூர்வ அமைப்பையே கலைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. யூட்டா பெண்கள் 1870-லேயே பெற்றிருந்த வாக்குரிமையையும் அதே சட்டம் பறித்தது. 1890 செப்டம்பரில் தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப், சட்டம் தடுக்கும் திருமணங்களைச் செய்ய வேண்டாம் என்று அறிவித்தார். கடவுள் காட்டியதால் செய்தேன் என்றார். 1896-ல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றது. சபை பிழைத்தது.

இரண்டாவது, மூன்றாவது மனைவிகள்? இதுவே சொர்க்கத்துக்கு வழி என்று நம்பி, ஊரின் ஏச்சையும் சக்களத்தியின் அடுப்படியையும் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள். இனி அவர்களின் நிலை என்ன என்பதை அந்த அறிக்கை தெளிவாகச் சொல்லவில்லை. சில கணவர்கள் தொடர்ந்து காப்பாற்றினார்கள், சிலர் கைவிட்டார்கள். கேள்வி இன்னும் முழுதாக ஓயவில்லை. மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்தால், இரு மனைவியரோடும் நித்தியத்துக்கும் பிணைக்கப்படலாம். உயிரோடிருக்கும் பெண்ணோ ஓர் ஆணோடு மட்டுமே பிணைக்கப்பட முடியும். ரஸல் நெல்சனும், அவர் 2025-ல் மறைந்த பிறகு தலைவரான டாலின் ஓக்ஸும் அப்படி மறுமணம் செய்தவர்களே. பரலோகத்தில் சக்களத்தி உண்டா என்று மார்மன் பெண்கள் கேட்பது விளையாட்டுக்கு அல்ல.

இந்தியாவில்?

வெகு முன்பே வந்துவிட்டார்கள். கல்கத்தாவில் 1851-ல், மதராஸில் 1853-ல். மதராஸுக்கு வந்த ரிச்சர்ட் பாலன்டைன் ஒரு பத்திரிகைகூட அச்சிட்டுப் பார்த்தார். ஆனால் பலதாரச் செய்தி அவர்களோடு சேர்ந்தே கரையிறங்கியது. அவர்கள் பெரிதும் நம்பியிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களும் குடும்பங்களும் கதவைச் சாத்தினார்கள். சில ஆண்டுகளில் மூட்டை கட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டுத் தானாகவே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிய கோயமுத்தூர்க்காரர் ஒருவர் 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1993-ல் பெங்களூர் ஊழியத் தலைமையிடமானது. இன்றும் எண்ணிக்கை ஆயிரங்களில்தான். கோவில் சடங்குக்கு விமானமேறி வெளிநாடு போக வேண்டியிருந்த நிலையில், பெங்களூரில் ஒரு கோவில் கட்டப்படும் என்று 2018-ல் அறிவித்து, 2020 டிசம்பரில் பணியைத் தொடங்கினார்கள்.

காணிக்கைப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி எல்லா நாட்டு உறுப்பினருக்கும் பொது. கோவில், கல்வி, நிவாரணம் போக மிச்சத்தைச் சபை முதலீடு செய்கிறது. பங்கு முதலீட்டின் அளவு வெளியே தெரியாதிருக்கப் பெயரளவு நிறுவனங்களைக் காட்டிக் கணக்குக் கொடுத்ததற்காக 2023-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் முதலீட்டுப் பிரிவுக்கு 40 லட்சம் டாலரும் சபைக்கு 10 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது. தவறு நேர்ந்தது, விஷயம் முடிந்தது என்றது சபை.

கறுப்பர்களுக்கு இடம் இருந்ததா?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இது. பன்னிரண்டு வயதை எட்டும் மார்மன் பையன்களெல்லாம் ஏற்கும் குருத்துவத்தைக் கறுப்பின ஆண்கள் பெற முடியாது என்று 1852-ல் பிரிகாம் யங் அறிவித்தார். கோவில் உடன்படிக்கையும் கோவில் திருமணமும் கறுப்பின ஆண், பெண் இருவருக்குமே இல்லை. ஸ்மித் காலத்தில் அப்படி இருக்கவில்லை; எலைஜா ஏபெல் என்ற கறுப்பர் 1836-லேயே குருத்துவம் பெற்றவர். தடைக்குக் காரணமாக என்னென்னவோ சொன்னார்கள். சாபம் என்றார்கள், பிறப்பதற்கு முன் செய்த வினை என்றார்கள். பூர்வ கர்மத்தைச் சொல்லிப் பிறரைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் வாழும் நாட்டில் அந்த வாதத்தின் ஓசை பழக்கமானதுதான்.

1970-களில் பிரேசிலில் சபை வளர்ந்தது. சாவ் பாலோவில் கோவில் எழுந்தது. பல இனங்கள் கலந்த அந்த நாட்டில் யாருடைய முப்பாட்டன் ஆப்பிரிக்கர் என்று எப்படிப் பிரிப்பது? 1978 ஜூனில் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் இனம் பாராமல் குருத்துவம் என்று புதிய வெளிப்பாட்டை அறிவித்தார். பலர் தெருவில் அழுதார்கள். 2013-ல் சபை ஒரு படி மேலே போய், சாபக் கதைகளையும் வினைக் கதைகளையும் முழுதாகக் கைகழுவியது. மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பதும் சபையின் வழக்கமல்ல, பிறரிடம் எதிர்பார்ப்பதும் அல்ல என்று 2015-ல் வேறொரு சந்தர்ப்பத்தில் சொன்னவர் டாலின் ஓக்ஸ்.

ஒரு பெண்ணின் கதையோடு வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தின் எடை தெரியும். ஜேன் மானிங் ஜேம்ஸ், கனெக்டிகட் மாநிலத்தில் அடிமையாக அல்லாமல் பிறந்த கறுப்பினப் பெண். சபையில் சேர்ந்தபின் 1843-ல் ஸ்மித்தின் ஊருக்குக் கிளம்பினார். வழியில் படகில் ஏற்ற மறுத்தார்கள். அவரும் குடும்பமும் சுமார் 1,300 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். காலில் ரத்தம் கசிந்ததை அவரே பின்னாளில் சொல்லி எழுதவைத்தார். ஸ்மித்தின் வீட்டிலேயே வேலை செய்தார். 1847-ல் யூட்டா வந்த முதல் கூட்டங்களோடு வந்தார். வயதான காலத்தில், கோவிலுக்குள் தனக்கும் இடம் வேண்டும் என்று தலைவர் மாற்றித் தலைவருக்கு விண்ணப்பித்தார். 1894-ல் ஒரு பதில் கிடைத்தது: ஸ்மித்தின் குடும்பத்தோடு நித்தியத்துக்கும் பணியாளாகப் பிணைக்கப்படலாம். அந்தச் சடங்குக்குக்கூட அவர் உள்ளே போக முடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றார். அதன்பிறகும் ஜேன் கேட்டுக்கொண்டே இருந்து, 1908-ல் இறந்தார். சபையின் தலைவரே இறுதிச் சடங்கில் பேசினார்.

இன்னும் தேதி இல்லாத கேள்விகள்

பெண்களுக்கு ஏன் குருத்துவம் இல்லை என்று கேட்டு இயக்கம் நடத்திய கேட் கெல்லியை 2014-ல் சபை நீக்கியது. ஒருபால் தம்பதியரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று 2015 நவம்பரில் விதி போட்டு, 2019 ஏப்ரலில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. விதி வந்ததும் வெளிப்பாடு, போனதும் வெளிப்பாடு. நடுவில் சபையை விட்டுப் போனவர்களும் வீட்டில் பேச்சுவார்த்தை அறுந்தவர்களும் உண்டு. ஒருபால் திருமணம் இன்றும் சபைக்குள் ஏற்கப்படவில்லை.

மாறாத மதங்களோடு ஒப்பிட்டால், மாறத் தெரிந்த மதம் மேல் என்று தோன்றும். அது உண்மையும்கூட. வானம் மூடிக்கிடக்கும் இடத்தில் ஜேனுக்கு நம்பிக்கையே இருந்திருக்காது. அவர் சாகும்வரை மனுப்போட்டதே, இன்றோ நாளையோ கடவுள் பேசுவார் என்ற மார்மன் நம்பிக்கையில்தான். ஆனால் புதிய வார்த்தை வரும்போது பழைய வார்த்தைக்குக் கீழ்ப்படிந்து நொந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? நேற்றுச் சொன்னதும் கடவுள், இன்று சொல்வதும் கடவுள் என்றால், தவறு யாருடையதும் அல்ல என்றாகிவிடுகிறது.

ஜேனுக்குப் பதில் வந்தது, 1979-ல். தடை நீங்கிய மறு ஆண்டு, அவர் இறந்து 71 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் கேட்ட உடன்படிக்கைச் சடங்கு கோவிலில் நடந்தது. செத்தவர்களுக்குச் செய்யும் முறைப்படி, அவருக்காக இன்னொரு பெண் உள்ளே போனார்.